பட்டுப்புழுவும் பாஸ்டர் பெருமகனாரும்



லூயி பாஸ்டர் என்ற பெயரைச் சொன்னதும், வெறிநாய்க் கடிக்குத் தடுப்பூசி கண்டவர் என்று நம் பள்ளியின் நான்காம் ஆண்டு மாணவரும் விடை கூறுவர். பாலைச் சூடாக்கிக் கெடாமற் காக்கும் முறைக்கு அவர் பெயரே வழங்குகிறது என்பதையும் சிலர் அறிவர். ஆனால் அவர் தம் வாழ்நாளில் ஐந்தாண்டுகளைக் கசகசா விதையளவே உள்ள ஒரு முட்டையின் பொருட்டுச் செலவிட்டார் என்பதைப் பலர் அறியார். அந்த ஐந்தாண்டுகளில் அவர் பெற்ற துன்பம் பெரிது. கண்ட உண்மையும் பெரிது. ஆகவே மற்றவற்றைச் சுருக்கி, அதனையே விரித்தெழுத விரும்புகிறேன்.

பாஸ்டர் 1822ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 27ஆம் நாள், பிரான்சு நாட்டின் கிழக்கே டோல் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் நெப்போலியன் படையில் பணியாற்றியவர். பின்னர்த் தோல் பதனிடும் தொழில் செய்து பிழைத்தவர். குடும்பம் அர்புவா என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. பள்ளியில் பாஸ்டர் சிறப்பான மாணவர் அல்லர். படம் வரைவதில் மட்டும் கைதேர்ந்தவர். தாய் தந்தையரையும் அண்டை வீட்டாரையும் அவர் தீட்டிய வண்ணப் படங்கள் அழியாமல் உள்ளன. எதையும் மெதுவாகச் செய்வார்; உறுதிப்படாத ஒன்றைச் சொல்லமாட்டார். இதனை மந்தம் என்று பிறர் எண்ணியிருக்க, அப்பள்ளியின் தலைமையாசிரியர் ரொமானே என்பவர் மட்டும் அதில் ஓர் அறிஞனின் வித்தைக் கண்டார். மேற்படிப்புக்குப் பாரிசு நகரம் செல்லுமாறு ஊக்கினார். இந்தச் செய்தியை எழுதும்போது, அத்தொழிலில் உள்ளவன் என்ற முறையில் எனக்குச் சிறிது பெருமை உண்டாவதை மறைப்பானேன்!

பாரிசுக்குச் சென்ற சிறுவர் அங்குத் தங்கவில்லை. பதினாறு வயதும் நிரம்பாத அவர் வீட்டையும் தந்தையின் தோல் தொட்டிகளின் நெடியையும் நினைந்து ஏங்கி நோயுற்றார். தந்தையே வந்து அழைத்துச் சென்றார். கட்டிப்பாலின் நெடியிலே பிறந்து வளர்ந்து, பின்பு நகரத்து விடுதிகளில் தங்கிப் படிக்க நேர்ந்தவர்களுக்கு இவ்வேக்கம் இன்னதென்று விளங்கும். சில ஆண்டுகளில் அவர் மனந்தேறி மீண்டும் சென்றார். 1843இல் பாரிசின் புகழ்பெற்ற ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார். படிகங்களை ஆராய்ந்து 1848இல் பெயர் பெற்றார். 1849இல் மேரி லோரான் என்னும் நங்கையை மணந்தார். பின்னர், மது புளிப்பதும் பால் திரிவதும் கண்ணுக்குப் புலனாகாச் சிற்றுயிர்களின் வேலை என்று நாட்டினார். 1865ஆம் ஆண்டில் அவருக்கு வயது நாற்பத்திரண்டு. அவ்வாண்டில்தான் பட்டுப்புழு அவர் வாழ்வில் குறுக்கிட்டது.

பிரான்சின் தென்பகுதியில் செவென் மலையடிவாரத்து ஊர்களில் அக்காலத்தில் முசுக்கட்டை மரத்தைப் பொன்மரம் என்றே போற்றினர். அதன் இலையைத் தின்று பட்டுப்புழு வளரும். நான்கு முறை தோலுரிக்கும். ஏறக்குறைய ஒரு திங்களில் தன்னைச் சுற்றித் தானே கூடு கட்டிக்கொள்ளும். அக்கூட்டின் இழையே பட்டு. வீடுதோறும் அறையொன்றில் புழுத்தட்டுகள் இருக்கும். முட்டைகளை அம்மக்கள் விதை என்றே வழங்கினர். நெல் விதையைப் போல அதனை எடை போட்டு விற்றனர். ஓர் அவுன்சு விதையில் ஏறக்குறைய 40,000 முட்டைகள் இருக்கும். இளவேனிலில் முசுக்கட்டை தளிர்விடும் வேளையில், பெண்கள் முட்டையைச் சிறு பைகளில் இட்டுத் தம் உடையினுள் வைத்து உடற்சூட்டாலேயே பொரிக்கச் செய்வதும் உண்டு. குழந்தையைப் போலவே அதனைப் பேணினர் என்று சொன்னால் மிகையாகாது. ஆண்டுச் செலவு முழுவதும் அந்த ஒரு விளைச்சலை நம்பியிருந்தது.

அத்தகைய மக்கள்மீது ஒரு கொடிய நோய் வந்து விழுந்தது. புழுவின் உடலில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் தோன்றும். சில புழுக்கள் இலை தின்னா; சில தோலுரிக்கும்போதே மடியும்; சில கூடு கட்டும் முன் சுருண்டு விழும். மிளகைக் குறிக்கும் வட்டார மொழிச் சொல்லைக் கொண்டு அந்நோய்க்குப் பெயரிட்டனர். நாமும் அதனை மிளகு நோய் என்றே வழங்குவோம். 1853இல் பிரான்சில் விளைந்த பட்டுக்கூடுகள் 2 கோடியே 60 இலட்சம் கிலோ. 1865இல் விளைந்தவை 40 இலட்சம் கிலோ மட்டுமே. அயல்நாட்டு விதையை வாங்கிப் பார்த்தனர். இத்தாலியிலும் எசுப்பானியாவிலும் வாங்கிய விதை ஓரிரண்டு ஆண்டு நன்றாயிருந்து பின் கெட்டது. துருக்கி நாட்டு விதையும் அவ்வாறே ஆயிற்று. இறுதியில் சப்பான் நாட்டு விதை ஒன்றே நம்பத்தக்கதாய் எஞ்சியது. மரம் தளிர்த்து நிற்கிறது. தின்னப் புழு இல்லை. பல குடும்பங்கள் ஊரைவிட்டே வெளியேறின.

1865இல் அப்பகுதியைச் சேர்ந்த மூவாயிரத்து ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டு அரசுக்கு முறையிட்டனர். முறையீட்டை ஆராய்ந்தவர் துமா என்னும் வேதியியல் பேரறிஞர். அவர் அலேசு நகரத்தில் பிறந்தவர், பாஸ்டரின் ஆசிரியர். அவர் தம் மாணவரையே அழைத்து இப்பணியை ஏற்குமாறு வேண்டினார். பாஸ்டரோ அதுவரை ஒரு பட்டுப்புழுவையும் கையால் தொட்டவர் அல்லர். ஆயினும் ஆசிரியரின் சொல்லைத் தட்ட அவருக்கு மனமில்லை.

போகும் வழியில் அவிஞ்ஞோன் நகரத்தில் ஃபாபர் என்னும் பூச்சியியல் அறிஞரைக் கண்டார். ஃபாபர் சில பட்டுக்கூடுகளைக் காட்டினார். பாஸ்டர் ஒன்றைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்து, உள்ளே ஏதோ இருக்கிறதே என்று வியந்தார். உள்ளே இருப்பது கூட்டுப்புழு என்பதையும், அதுவே பின்னர்ச் சிறகு பெற்றுப் பூச்சியாகிறது என்பதையும் ஃபாபர் சொல்லித்தான் அவர் தெரிந்துகொண்டார். பெரிய அறிஞர் ஒருவர், உழவர் வீட்டுச் சிறுவர்க்கும் தெரிந்த ஒன்றைத் தெரியாது என்று கூசாமல் கேட்டறிந்தது எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி. ஃபாபரும் பிற்காலத்தில் இதனை எழுதியபோது எள்ளி நகையாடவில்லை, போற்றியே எழுதினார்.

அலேசுக்கு அவர் வந்து சேர்ந்தது அவ்வாண்டு சூன் திங்களில். ஒன்பது நாள் கழித்துத் தந்தையார் நோயுற்றதாகச் செய்தி வந்தது. விரைந்து ஓடியும் உயிரோடு காணும் பேறு கிட்டவில்லை. செப்டம்பரில் இரண்டு வயதுக் கடைக்குட்டி கமீல் மறைந்தாள். மறு ஆண்டு வேலை தொடங்கியபின், தாயும் மகள்மாரும் அலேசை நோக்கிப் புறப்பட்டு வருகையில், வழியில் ஷாம்பெரி என்னும் ஊரில் செசீல் என்ற மகள் குடற்காய்ச்சலில் விழுந்து 1866 மே திங்களில் இறந்தாள். அவளுக்கு வயது பன்னிரண்டு. மூத்த மகள் ஜான் 1859இல் இதே காய்ச்சலுக்கு முன்னமே பலியானவள். ஐந்து மக்களில் மூவரை மண்ணுக்குக் கொடுத்த அந்தப் பெற்றோர், எஞ்சிய மகள் மேரி லூயியுடன் அலேசுக்கு வந்து சேர்ந்தனர். ஊர்ப்புறத்தில் போன் ஜிஸ்கே என்னும் பழைய வீடொன்றில் ஆய்வுக்கூடம் அமைந்தது. தாயும் மகளும் புழுவுக்கு இலை பறித்தனர், கூடுகளைப் பிரித்தனர், இரவில் கணவர் சொல்லச் சொல்ல மனைவியார் எழுதினார். ஜெர்னே, துக்ளோ, மையோ முதலிய இளைஞர்கள் துணை நின்றனர்.

இனி, அவர்கள் நுண்ணோக்கியில் கண்டது என்ன என்று பார்ப்போம்.

நோயுற்ற புழுவைச் சிறிது நீர்விட்டு அரைத்து ஒரு துளியை நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், முட்டை வடிவான, பளபளக்கும் நுண்மணிகள் தோன்றும். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் அவற்றுள் ஏறக்குறைய 250 மணிகளை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு சிறியவை. பாஸ்டருக்கு முன்னரே கொர்னாலியா முதலிய இத்தாலி நாட்டு அறிஞர்கள் இம்மணிகளைக் கண்டிருந்தனர். முட்டைகளை நுண்ணோக்கியால் ஆராய்ந்து, மணியுள்ள விதையை நீக்கிவிடலாம் என்ற யோசனையும் அங்கேதான் பிறந்தது. நல்ல யோசனையே. ஆனால் மணியே காணப்படாத முட்டையிலிருந்து பிறந்த புழுக்களும் கூட்டங்கூட்டமாக மடிந்தன. எனவே அம்மணிகளுக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்று பலர் கைவிட்டனர்.

இங்கே முட்டைக்குள் நடப்பதைச் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும். பட்டுப்பூச்சி இட்ட முட்டை முதலில் மஞ்சள் நிறமாயிருக்கும். கருவுற்ற முட்டையாயின் சில நாட்களில் பழுப்பாகி, பின் கற்பலகையின் சாம்பல் நிறம் அடையும். அதற்குள்ளாகவே மஞ்சட்கருவின்மேல் மெல்லிய பட்டைபோல் கரு உருவாகிவிடும். ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் பொரிக்கும் இனங்களில், அக்கரு அந்நிலையிலேயே உறங்கத் தொடங்கும். குளிர்காலம் முழுவதும் உறங்கி, இளவேனிலின் வெப்பம் பட்டதும் விழித்து மீண்டும் வளரும். தலை, மார்பு, வயிறு என்று பகுப்புகள் தெளியும், கால்கள் முளைக்கும், கரு முட்டைக்குள்ளேயே ஒருமுறை புரண்டு படுக்கும், மஞ்சட்கருவை உண்டு முடிக்கும். பொரிப்பதற்கு ஓரிரு நாள் முன்னர்த் தலையின் கரும்புள்ளி ஓட்டின் வழியே தெரியும். மஞ்சட்கருவில் நோய்க்கிருமி இருந்தால், இளம்புழு வெளிவருமுன்னரே அதனை உணவோடு உணவாய் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அந்த மஞ்சட்கருவில் கிருமி மிகச் சிலவாகவோ, பளபளக்கும் மணியாக இன்னும் முதிராமலோ இருக்கலாம். அப்போது எத்துணைக் கூரிய கண்ணும் ஏமாறும்.

பாஸ்டரின் மதிநுட்பம் இவ்விடத்தில்தான் வெளிப்பட்டது. முட்டையில் ஒளிந்திருப்பது புழுவில் பெருகும். கூட்டுப்புழுவில் மேலும் பெருகும். பூச்சியில் பல்கிப் பரவி, மறைக்க முடியாத அளவாகும். ஆகவே முட்டை நல்லதா என்று அறிய முட்டையைப் பார்க்க வேண்டா. அதனை இட்ட தாயைப் பார்த்தால் போதும் என்று அவர் கண்டார். உழவர்களைப் பல்லாண்டு மயக்கிய புதிர் ஒன்றும் இதனால் விடுபட்டது. பிறப்பிலேயே நோயுடைய புழு பெரும்பாலும் கூடு கட்டுமுன் மடியும். ஆனால் வளர்ந்தபின் நோய் தொற்றிய புழு அழகான கூட்டைக் கட்டிவிடும். கூட்டின் அழகைக் கண்டு அதனையே விதைக்கு எடுத்து வைப்பர். மறு ஆண்டு விளைச்சல் முழுவதும் பாழாகும்.

ஆயினும் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். அம்மணிகள் உயிருள்ள கிருமிகளே என்பதைப் பாஸ்டர் உடனே ஏற்கவில்லை. நோயால் சிதைந்த உடற்பகுதிகளே அவை என்று ஏறக்குறைய ஈராண்டு எண்ணியிருந்தார். ஜெர்னே முதலிய உதவியாளர்களுடன் நடத்திய சோதனைகள் அவர் எண்ணத்தை மாற்றின. மணிகள் கலந்த நீரை முசுக்கட்டை இலையில் தடவி நலமுள்ள புழுக்களுக்குக் கொடுத்தனர். சில நாளில் அவற்றின் உடலில் மிளகுப் புள்ளிகள் தோன்றின. வெறும் நீர் தடவிய இலையைத் தின்ற புழுக்கள் நலமாயிருந்தன. சென்ற ஆண்டின் உலர்ந்த தூசியில் கிருமி வலுவிழந்துவிடும் என்பதும் தெரிந்தது. அப்படியானால் ஓராண்டிலிருந்து மறு ஆண்டுக்கு நோய் கடந்து வரும் பாலம் முட்டை ஒன்றே. அப்பாலத்தை அடைத்துவிட்டால் நோய்க்கு வேறு வழியில்லை.

அதற்கு அவர் வகுத்த முறை மிக எளியது. இணை சேர்ந்த பெண்பூச்சி ஒவ்வொன்றையும் தனித்தனிச் சிறு துணித்துண்டின்மேல் விடவேண்டும். முட்டையிட்டு முடித்ததும் அத்துணியின் மூலையை மடித்து, தாய்ப்பூச்சியை அதிலேயே ஊசியால் குத்தி வைத்துவிட வேண்டும். வேலை குறைந்த இலையுதிர் காலத்திலோ குளிர்காலத்திலோ, உலர்ந்த அப்பூச்சியைச் சிறு கல்வத்தில் இட்டு, சில துளி நீர்விட்டு அரைத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். மணி ஒன்று தென்பட்டாலும் துணியை முட்டையோடு எரித்துவிட வேண்டும். மணியில்லாத தாயின் முட்டைகளே அடுத்த ஆண்டின் விதை.

நுண்ணோக்கி கற்றவர்க்கே உரிய கருவி. நாட்டுப்புறத்தார் அதனைக் கையாள்வது எங்ஙனம் என்று சிலர் கேட்டனர். தம் ஆய்வுக்கூடத்தில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி எவ்விதத் தொல்லையுமின்றி அதனைக் கையாளுகிறாள் என்பதே பாஸ்டர் அளித்த மறுமொழி. அச்சிறுமியின் பெயரை நான் அறிந்திருந்தால் அதனை இங்குத் தடித்த எழுத்தில் அச்சிடச் செய்திருப்பேன்.

முறையைச் சோதிக்கவும் அவர் அஞ்சவில்லை. சேன் இப்போலீத் என்னும் ஊரில் 14 தொகுதி விதைகளின் தாய்ப்பூச்சிகளை ஆராய்ந்து, ஒவ்வொரு தொகுதியும் அடுத்த ஆண்டு எவ்வாறு விளையும் என்று முன்கூட்டியே எழுதி, உறையை முத்திரையிட்டு ஊர்த்தலைவரிடம் ஒப்படைத்தார். அடுத்த ஆண்டு உறையைத் திறந்து பார்த்தனர். 14இல் 12 அவர் எழுதியவாறே நடந்திருந்தன.

துன்பம் அத்துடன் தீரவில்லை. 1867இல் நலமுள்ள தாய்களிடமிருந்து பெற்ற 16 தொகுதிகளில் 15 நன்கு விளைய, ஒன்று மட்டும் முற்றிலும் அழிந்தது. அவற்றில் மணி ஒன்றும் இல்லை. புழுக்கள் கறுத்து விரைவில் அழுகின. இரண்டு நோய்களை ஒரே நோயென்று எல்லாரும் கருதியிருந்தனர் என்பது அப்போதுதான் தெரிந்தது. இரண்டாவது நோய் குடலைப் பற்றுவது. நெருக்கடியான தட்டு, ஈர இலை, காற்றோட்டமில்லாத அறை ஆகியவற்றால் பெருகுவது. அதற்கு அவர் தூய்மையையும் காற்றையும் மருந்தாகக் கூறினார். வலுவுடன் ஏறிக் கூடு கட்டும் புழுக்களையே விதைக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் வற்புறுத்தினார்.

விதை வணிகர்கள் சும்மா இருப்பரா? கெட்ட விதையை விற்றுப் பொருள் சேர்த்தவர்களுக்கு இம்முறை வேம்பாய்க் கசந்தது. பாஸ்டரை அலேசு மக்கள் கல்லால் அடித்துத் துரத்திவிட்டனர் என்ற பொய்ச்செய்தி அவர் மாமனாரின் காதுவரை சென்று எட்டியது.

1868 அக்டோபர் 19ஆம் நாள் காலை, பாஸ்டருக்கு உடலின் இடப்பக்கம் மரத்துப்போனது போன்ற உணர்ச்சி தோன்றியது. அன்று அறிவியற் கழகத்தில் பட்டுப்புழு பற்றிய கட்டுரையொன்றைப் படிக்க வேண்டியிருந்தது. சென்றார், படித்தார், வீடு திரும்பினார். இரவில் பக்கவாதம் தாக்கியது. இடக்கையும் இடக்காலும் செயலற்றன. அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்து. பிழைப்பது அரிது என்று கருதி, அவருக்காகக் கட்டிக்கொண்டிருந்த ஆய்வுக்கூடத்தின் வேலையைக்கூட நிறுத்திவிட்டனர். பாஸ்டரோ ஒரு வாரத்திற்குள், பக்கத்தில் விழித்திருந்த ஜெர்னேயிடம், பட்டுப்பூச்சி ஆய்வுமுறை பற்றிய குறிப்பொன்றை இரவிலேயே சொல்லி எழுதுவித்தார். மூன்று திங்கள் கழித்து, நடக்க இயலாத நிலையில், தென்பகுதிக்கே மீண்டும் புறப்பட்டார். மருத்துவர்கள் இதற்கு உடன்பட்டிருக்க முடியாது. குடும்பத்தார் உடன் சென்றனர். கட்டிலில் இருந்தவாறே ஆய்வை நடத்தினார்.

1869 இறுதியில், திரியெஸ்து நகருக்கு அருகில் வில்லா விசென்தினா என்னும் அரச குடும்பத்துப் பண்ணையில் தங்கினார். ஆராய்ந்து தேர்ந்த விதையை அங்குள்ள குடியானவர்களுக்குப் பகிர்ந்தளித்தார். நோயால் நொடித்திருந்த அப்பண்ணையில் விளைச்சல் சிறந்தது. அங்கிருந்தபடியே மனைவியார் எழுத, பட்டுப்புழு நோய் பற்றிய பெருநூலை முடித்தார். இரு தொகுதிகளாக 1870இல் அது வெளிவந்தது.

பிரான்சின் பட்டுத் தொழில் முன்போல் மீண்டும் தழைத்தது என்று சொல்வதற்கில்லை. நோய் அடங்கியது உண்மை. ஆனால் 1869இல் சூயசு கால்வாய் திறக்கப்பட்டபின் ஆசியப் பட்டு மலிவாக வந்து குவிந்தது. நுண்ணோக்கியால் அதற்கு என்ன செய்ய முடியும்? எனினும் பாஸ்டருக்கு அந்த ஐந்தாண்டுகள் வீண்போகவில்லை. ஒரு கிருமி ஒரு நோயை உண்டாக்குவதையும், தாயிடமிருந்து சேய்க்கு அது செல்வதையும் அவர் புழுவிடம் கற்றார். 1881இல் ஆடுமாடுகளின் அடைப்பான் நோய்க்குத் தடுப்பூசியைப் பலர் முன்னிலையில் போட்டுக் காட்டியதும், 1885இல் வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்தரைக் காப்பாற்றியதும் அதன்பின் நடந்தவை. ஒரு காலை இழுத்து நடந்து, ஒரு கை சரியாக இயங்காத மனிதராகவே அவற்றையெல்லாம் செய்தார்.

1895 செப்டம்பர் 28ஆம் நாள் பாஸ்டர் மறைந்தார். மறு ஆண்டு அலேசு நகரத்தார் அவருக்குச் சிலை எடுத்தனர். கல்லெறிந்தனர் என்று பொய் பரவிய அதே ஊர்தான். அவர் கண்ட முறை இன்றும் வழக்கில் உள்ளது. கருநாடகத்திலும் தமிழ்நாட்டின் ஓசூர் வட்டாரத்திலும் பட்டு வளர்க்கும் உழவர்களுக்கு முட்டை வழங்கும் நிலையங்களில், முட்டையிட்ட தாய்ப்பூச்சியை அரைத்து, ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் இட்டு, நுண்ணோக்கியில் பார்த்த பின்னரே அம்முட்டையை வெளியே அனுப்புகின்றனர்.